கூரையில் கிடக்கும் கரண்ட்

(லண்டனில் எங்கள் சங்க மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தில் பாதியையும் அன்போடு எடுத்துக்கொண்ட செயலாளர் தம்பி அவர்களே, மழையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கவுன்சிலர் அம்மையார் அவர்களே, பொன்னாடை போர்த்திய பொருளாளர் ஐயா அவர்களே, பின்னால் வடை சுட்டுக்கொண்டிருக்கும் சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம். கவுன்சிலர் அம்மையாரை இன்னொரு முறையும் வணங்கிக்கொள்கிறேன். காரணம் கடைசியில் தெரியும்.

எனக்கு விழுந்த தலைப்பு, ஓர்பிட்டல் என்ற இருவர் மின்னணு நடன இசைக் குழு 1996இல் வெளியிட்ட 'இன் சைட்ஸ்' அல்பம். மூன்று விஷயம் பேசப்போகிறேன்: பெற்றோல், வெயில், பெட்டி.

பால் ஹார்ட்னொல், பில் ஹார்ட்னொல் இருவரும் அண்ணன் தம்பி. பக்கத்து கென்ட் மாவட்டத்துப் பெடியள். இவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த 'சைம்' என்ற முதல் பாட்டை 1989இல் பெரிய ஸ்டூடியோவிலா செய்தார்கள்? வீட்டு மாடிப்படிக்குக் கீழே உள்ள மூலையில் செய்து, அப்பாவின் கசெற் ரெக்கோடரில் பதிந்தார்கள். அது அடுத்த வருடம் இந்த நாட்டின் முதல் 20 பாட்டுகளுக்குள் வந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? இந்தப் பழமொழியை என் வாயிலிருந்து இதற்கு முன்னும் கேட்டிருப்பீர்கள். இன்றும் விடமாட்டேன்.

குழுவின் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? லண்டனைச் சுற்றி ஓடும் 117 மைல் எம் 25 வீதியிலிருந்து; 'ஓர்பிட்டல்' என்றால் சுற்றிவரும் பாதை. நீங்கள் வெள்ளிக்கிழமை மாலைகளில் நின்று திட்டும் அதே வீதிதான்! அதை எனக்குப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. 1989 கோடையில், அந்த வீதிக்குப் பக்கத்து பெற்றோல் செட் ஒன்றில் எனக்கு இரவு வேலை. கதவைப் பூட்டிவிட்டுச் சின்ன ஜன்னல் வழியாகத்தான் வியாபாரம். ஒரு சனிக்கிழமை நடுச்சாமத்தில் கார்கள் வருகின்றன, வருகின்றன, நிற்கவேயில்லை. தொளதொள உடுப்பில் நூற்றுக்கணக்கான பெடியன் பெட்டைகள். ஒருவருக்குத் தண்ணீர் வேணும், ஒருவருக்குச் சூயிங்கம், எருமை மாதிரி வளர்ந்த ஒருவன் லொலிபொப் கேட்கிறான்! டெலிபோன் பூத்துக்கு முன்னால் நீண்ட வரிசை. எனக்கு எண்பத்து மூன்றாம் ஆண்டு ஞாபகம் வந்துவிட்டது. கை நடுங்க முதலாளிக்கு போன் போட்டேன். "கலவரம் போலக் கிடக்கு." அவர் தூக்கக் கலக்கத்தில், "காசு கொடுத்தார்களா?" என்றார். "கொடுத்தார்கள்." "அப்ப கலவரம் இல்லை, படுக்க விடு." அந்த நேரம் பூத்துக்குள் நின்றவன் வெளியே ஓடிவந்து ஏதோ கத்தினான். இரண்டு நிமிடத்தில் ஒரு கார் இல்லை! எந்த வயலில் அன்றைய ரகசிய நடனக் கச்சேரி என்பதை போனில் அறிந்துகொண்டு ஓடியிருக்கிறார்கள். அன்றிரவு லொலிபொப் முழுவதும் விற்றுத் தீர்ந்தது.

அந்த இரவுகளின் பிள்ளைகள்தான் ஓர்பிட்டல். இந்த அல்பத்தின் இரண்டாவது பாட்டின் பெயரே 'பெற்றோல்'. நான் அதைக் கொஞ்சம் உரிமையோடு கேட்பேன்.

சரி, இப்போது முதல் பாட்டு. 'தலைக்குள் சூரியனைக் கொண்ட பெண்' என்று பொருள்படும் பெயர். வார்த்தையே இல்லை, பத்து நிமிடத்துக்கு மேல் அடுக்கடுக்காக ஏறும். ஆலாபனை கேட்டுப் பழகிய நமக்கு அது பெரிய நீளமில்லை. முக்கியம் என்னவென்றால், அதைப் பதிவுசெய்ய கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் 'சைரஸ்' என்ற நடமாடும் சூரிய மின்னாக்கியின் கரண்டைப் பயன்படுத்தினார்கள். அந்தக் காலத்திலேயே, இந்த நாட்டு வெயிலில்! அதே அல்பத்தில் அழுக்குத் தண்ணீர் என்று வெல்ஷ் மொழியில் பெயர் வைத்த ஒரு பாட்டு. பொஸ்னியப் போரில் அகப்பட்ட பிள்ளைகளுக்கான உதவித் தொகுப்புக்காக முதலில் செய்த இன்னொன்று. அவற்றுக்கு அப்புறம் வருகிறேன்.

கரண்டின் அருமை நமக்குத் தெரியாதா? தொண்ணூறுகளின் முதல் பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. என் தங்கை சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவைப் பாடவைத்தாள். செய்தி முடிவதற்குள் கை மாறி மாறி மூன்று பேர் சுற்றுவார்களாம். அப்படி வந்த சனம் நாங்கள். ஆனால் இந்த மண்டபத்துத் தெற்குக் கூரை வெறுமனே வெயில் காய்கிறது, போன மாரிக்கால பில்லைப் பார்த்துப் பொருளாளர் ஐயா தலையில் கைவைக்கிறார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் ஐயா?

அந்தக் கூரையில் சோலார் தகடு போடுவோம் என்று இரண்டு பொதுக்கூட்டத்தில் கேட்டேன், "பார்ப்போம்" என்றார்கள். கவுன்சிலர் அம்மையார் அவர்களே, அனுமதி விஷயத்தில் உங்கள் ஒரு வார்த்தை எங்களுக்குப் போதும்.

தலைவர் மணியடிக்கிறார். 'பெட்டி' பற்றிப் பேசவில்லை, மன்னிக்கவும். இரண்டு பகுதி கொண்ட அருமையான பாட்டு, வீட்டில் கேளுங்கள். தேத்தண்ணீர் மேசையில் சோலார் தகட்டுக்கான கையெழுத்துத் தாள் இருக்கிறது, பேனாவும் கட்டியிருக்கிறேன். அந்தப் பத்து நிமிடப் பாட்டை இப்போது போடுவார்கள். கையெழுத்து வைத்துவிட்டு வடையை எடுங்கள்.