குடோன்ல ஏஜெண்ட் போட்டா ஆளை நிறுத்திடலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

காவேரிப்பட்டணத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. "அண்ணா, எங்க மாங்கூழ் குடோனுக்கு ஏஜெண்ட் சாஃப்ட்வேர் போட்டா, ஸ்டாக் பாக்குற ஆளை நிறுத்திடலாமா?" ரெண்டு நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்குங்க இந்தக் கேள்வி.

ஏஜெண்ட்னா கமிஷன் ஏஜெண்ட் இல்ல, மண்டிக்காரங்க பதறாதீங்க. சாதா சாஃப்ட்வேர் நாம கேட்டா ஸ்டாக் சொல்லும். இது கேக்காமலே பாத்துக்கிட்டிருக்கும். குறையுதுன்னா அதுவே ஆர்டர் எழுதும், லாரிக்கு மெசேஜ் போடும்.

கூழ் நிரப்புற காலி டிரம்மையே எடுத்துக்குங்க. சீசன்ல நாளைக்கு 40 டிரம் ஓடுதுன்னு வைங்க. ஆர்டர் போட்டா வந்து சேர 5 நாள். அது 200. லாரி லேட்டானா தாங்கறதுக்கு 80. ஆக, 280-க்கு இறங்குனா ஆர்டர். இதை ஏஜெண்ட் அழகா பண்ணும். ஆனா வருஷ சராசரியைக் குடுத்தீங்க, போச்சு! கூழுக்குப் போற பெங்களூரா ரக மாங்காய் வர்றதே ரெண்டு மூணு மாசம், மத்த மாசத்தையும் சேர்த்தா சராசரி ரொம்பக் குறைஞ்சிடும். மே மாசம் அது "டிரம் இருக்கே"ன்னு சும்மா உக்காந்திருக்கும், பழம் கேட் வாசல்லயே அழுகும்.

சரி, ஆள் விஷயம். தர்மபுரி புளி குடோன் கதை பழைய ஆளுங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர்ல 60 மூட்டை, தரையில 48. திருட்டு இல்லைங்க. பக்கத்துக் கடைக்குக் கைமாத்தா குடுத்த 12 மூட்டையை, தினசரி காலண்டர் தாளைக் கிழிச்சு பின்னாடி பென்சில்ல எழுதி, ஆணியில குத்தி வெச்சிருந்தார் அங்க ஸ்டாக் பாத்த பெரியவர். ஏஜெண்ட் ஆணியில போய்ப் பாக்குமா? அதுக்குக் கண்ணு கிடையாது, நாம எழுதுறதுதான் கண்ணு. எத்தனை தடவை சொல்லிட்டேன்!

அமேசான் 2012-ல 77.5 கோடி டாலர் குடுத்து கிவான்னு ஒரு ரோபோ கம்பெனியை வாங்குச்சு. அந்த ரோபோவே தரையில ஒட்டின பார்கோடைப் படிச்சுத்தான் இடம் கண்டுபிடிக்கும். நம்ம குடோன்ல லாட் நம்பர், அதாவது ஒண்ணா வந்த சரக்குக்குப் போடுற நம்பர், சாக்பீஸ்ல இருக்கு, அதுவும் சுவர்ப்பக்கம் திரும்பி.

அதனால தங்கச்சி, நீங்க கேட்டிருக்க வேண்டியது வேற: "எங்க கணக்கும் தரையும் ஒத்துப்போகுதா?" இந்த சனிக்கிழமை பத்து லாட்டை மட்டும் எண்ணுங்க. அந்த ஆளையே கூட வெச்சுக்கிட்டு எண்ணுங்க, எது எங்க இருக்குன்னு அவருக்குத்தான் தெரியும். பத்துல எத்தனை சரியா வந்துச்சுன்னு கமெண்ட்ல போடுங்க. அப்புறம் ஏஜெண்ட் பேசலாம். அதுவும் முதல் சீசன்ல ஆர்டரை எழுதி வைக்கட்டும், அனுப்புற பட்டன் உங்க கையில இருக்கட்டும்.