மிதக்கும் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். தனுஷ்கோடிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒரு துண்டு மணல். அந்த மணலில் கையாலேயே குழி பறித்து, ஊறி வருகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். குடித்துப் பார்த்தால் கரிக்காது. 1964 டிசம்பர் புயல் ஊரையே வாரிக்கொண்டு போன பிறகும் மீனவக் குடும்பங்கள் அங்கே அடுப்பு மூட்ட முடிந்தது என்றால், இந்த ஊற்றுகளும் அதற்கு ஒரு காரணம்.

கடல் தண்ணீரை மணல் வடிகட்டி நல்ல தண்ணீராக்குகிறது என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். சின்ன வயதில் நானும் அதைத்தான் நம்பினேன். கரைந்த உப்பை மணலால் பிடித்து நிறுத்த முடியாது. ஊற்றில் வருவது ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழை. ஒரு குடம் மணலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெறும் இடைவெளிதான். மழை அதற்குள் இறங்கி, அடியில் கிடக்கிற உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்நீர் நல்ல நீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனம் கூடியது.

இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் எல்லாமே இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல நீர் 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை அது இருக்கும். நெதர்லாந்தின் கைபென், ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் தனித்தனியாகக் கண்ட கணக்கு இது. சரி, அதைத் திருப்பிப் போடுங்கள். இறைத்து இறைத்து மேலே 1 அடி குறைத்தால், நாளடைவில் உவர் 40 அடி மேலே ஏறி வரும்! மோட்டாருக்கு நேர் கீழே அது கூம்பு மாதிரி எழும்பும்.

தங்கச்சிமடம் பக்கம் என் மாமாவின் தென்னந்தோப்பில் போர் போட வந்தவர், "இன்னும் 50 அடி இறக்கினா ஆயுசுக்கும் வத்தாது" என்றார். வற்றவில்லை, உண்மைதான். ஆனால் முதல் கோடையிலேயே அத்தை போட்ட டீ கரித்தது. எங்கள் அப்பத்தா இருந்திருந்தால் சிரித்திருப்பார். ஊற்று உவர்த்தால் அதையே ஆழப்படுத்த மாட்டார்; பத்தடி தள்ளிப் போய்ப் புதிதாகப் பறிப்பார்.

இந்த நீர் சும்மா தேங்கிக் கிடப்பதுமில்லை. மெதுவாகக் கடலை நோக்கி நகர்கிறது. வில்லூண்டி தீர்த்தத்தில் கடலுக்குள்ளேயே இருக்கும் கிணற்றில் நல்ல தண்ணீர் மொள்கிறோமே, ராமர் கதையைச் சொல்லிக்கொண்டே குடிக்கலாம், தப்பில்லை. அதுவும் மண்ணுக்குள் நடந்து வந்த நீர்தான். வருகிற வழியில் சிப்பி, சங்குகளின் சுண்ணாம்பைக் கரைக்கும். கரையோரத்தில் அந்தச் சுண்ணாம்பு மறுபடி படிந்து மணலை இறுக்கிப் பாறையாக்குவதும் உண்டு. பாம்பன் பக்கம் நீர் வற்றும்போது பலகை பலகையாகத் தெரிகிற கல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உள்ளே சிப்பித் துண்டு தெரியும்.

மாமா இப்போது பழைய கிணற்றுக்கே வந்துவிட்டார். காலையில் கொஞ்சம், சாயந்தரம் கொஞ்சம், வாளியால் இறைக்கிறார். போர் குழாய்க்கு மூடி போட்டு, அதன் மேல் அத்தை ஒரு துளசித் தொட்டி வைத்திருக்கிறார்.