கோல் மேடையில், வேலை ஒத்திகையில்

நடுவர் அவர்களுக்கும் அவையினருக்கும் வணக்கம். பலர் சேர்ந்து பாடும் சேர்ந்திசையின் வெற்றிக்குப் பெரிதும் காரணம் பாடகர்களா, எதிரே நின்று அவர்களை வழிநடத்தும் நடத்துநரா? நடத்துநரே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

"மேடையில் வாயே திறக்காமல் கையை அசைப்பவருக்கு எப்படிப் பெருமை சேரும்?" என்று எதிரணித் தோழி கேட்டார். சரி, மேடையை விட்டுவிடுவோம். அமெரிக்கச் சேர்ந்திசை நடத்துநர் ராபர்ட் ஷாவைப் பாருங்கள். 1952-இல் இசைக்குழு நடத்துநர் டோஸ்கனினி, சேர்ந்திசையும் இடம்பெறும் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை ஒலிப்பதிவு செய்தபோது, பாடியது ஷாவின் குழு. நடத்தும் கோல் டோஸ்கனினியின் கையில். ஷாவின் வேலை அதற்கு முன்பே ஒத்திகையில் முடிந்திருந்தது.

அந்த ஒத்திகையைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். ஷா பாட்டிலிருந்து சொற்களை எடுத்துவிடுவார். சுரங்கள் அப்படியே இருக்கும். சொல்லுக்குப் பதிலாக 'ஒன் அண்ட் டூ அண்ட்' என்று தாள எண்ணிக்கையைப் பாட வேண்டும், அதுவும் மெல்லிய குரலில். நான்கு எண்ணிக்கை நீளும் சுரத்தைப் பிடித்திருப்பவரும் நான்கையும் சொல்லியே ஆக வேண்டும். ஒருவர் அரை எண்ணிக்கை முந்தினாலும் எண்ணும் 'அண்ட்'டும் மோதி, உடனே காதில் விழுந்துவிடும். மெல்லப் பாடுவதால் பக்கத்தில் நிற்பவரின் சுருதி கேட்கும், தொண்டையும் களைக்காது. தாளமும் சுருதியும் கூடிவந்த பிறகுதான் சொற்கள் திரும்பி வரும். வரிசையில் நின்று தன் பகுதியைப் பாடுபவருக்கு மொத்தமும் கேட்காது. எதிரே நின்று கேட்கும் ஒரு காது வேண்டும். எனக்கு நடத்துநர் என்றால் முதலில் அந்தக் காதுதான், அப்புறம்தான் கை.

"நல்ல குரல்கள் கிடைத்துவிட்டால் போதும்" என்றும் சொன்னார்கள். 1967-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகர இசைக்குழுவான அட்லாண்டா சிம்பொனியின் இசை இயக்குநரான ஷா, 1970-இல் அதற்கென்று ஒரு சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். பாடியவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துவிட்டு ஒத்திகைக்கு வந்தவர்கள். அவர்களுக்கு இசையைப் பற்றி ஷா கடிதங்கள்கூட எழுதுவார். அந்தக் குழு பாடிய பெர்லியோஸ், வெர்டி ஆகியோரின் ரெக்வியம் (இறந்தவர்களுக்கான வழிபாட்டு இசை) ஒலிப்பதிவுகள் கிராமி விருது வாங்கின.

பாடகர்கள் இல்லாமல் நடத்துநர் இல்லை, அதை நான் மறுக்கவே இல்லை. எதிரணியில் அடுத்து வருபவர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். 1970-க்கு முன்பும் அட்லாண்டாவில் நல்ல குரல்கள் இருந்தனவே, அந்தக் குழு ஏன் ஷா வரும்வரை உருவாகவில்லை?