பட்டறைக்காரர் புது வண்டி வாங்கச் சொல்கிறார், நான் முதலில் பெல்ட் வாங்கப்போகிறேன்

வணக்கம் நண்பர்களே. பின்னால் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டில் புல் வெட்டுகிறார்கள். என் வீட்டில் வெட்டவில்லை. ஏன் என்பதுதான் இன்றைய வீடியோ.

இதோ, இவர்தான் ஆள். 2007 மாடல் லான் டிராக்டர். ஊரிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், இது உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே புல் வெட்டும் வண்டி. அடியில் தட்டையாக ஒரு இரும்புக் கூடு தெரிகிறதே, அதுதான் டெக். 42 அங்குல அகலம், உள்ளே இரண்டு பிளேடு சுற்றும். நாங்கள் இருப்பது வட கரோலினாவில், ராலேக்கு வெளியே. ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான இடம், பின்பக்கம் நல்ல சரிவு. இங்கே ஃபெஸ்க்யூ புல். ஏப்ரல், மே மாதங்களில் வாரம் ஒரு தடவையாவது வெட்டியாக வேண்டும். தள்ளுகிற மோவரில் முடிகிற வேலை இல்லை. ஆள் வைத்தால் ஒரு தடவைக்கு 70 டாலர் கேட்கிறார்கள்.

சரி, வண்டிக்கு என்ன நோய்? சாவியைத் திருப்பினால் எஞ்சின் அரைச் சுற்று சுற்றி டக்கென்று நின்றுவிடுகிறது. டெக் ஓடும்போது உடம்பெல்லாம் அதிர்கிறது. அப்புறம் பின்பக்க மேட்டில் ஏறத் திணறுகிறது. பட்டறையில் காட்டினேன். புது ஸ்டார்ட்டர், புது பேட்டரி, ஸ்பிண்டில் (பிளேடைச் சுற்ற வைக்கும் அச்சு), கூலி எல்லாம் சேர்த்து 900 டாலர், ஆனால் இந்த வயதுக்கு இது தேவையா, புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள் என்றார். புது வண்டியும் அவர் கடையிலேயே விற்கிறார், அது வேறு விஷயம்.

ரிப்பேர் செலவு புது வண்டி விலையில் பாதியைத் தாண்டினால் தூக்கிப்போடு என்று ஒரு கணக்கு எல்லோரும் சொல்வார்கள். இதே 42 அங்குல அளவில் புதிது 2,000 டாலருக்கு மேல் ஆகிறது, ஆக 900 அந்த எல்லைக்குள் வந்துவிடும். ஆனால் இந்தக் கணக்கை நான் நம்புவதில்லை. அந்த 900 டாலரில் தேவையில்லாத சாமான் இருக்கிறது. வண்டியின் ஆயுளை முடிக்கப்போகிற பாகம் எதுவோ, அது அந்தப் பட்டியலிலேயே இல்லை.

எஞ்சினிலிருந்து தொடங்குகிறேன். அரைச் சுற்றில் நின்றால் உடனே பேட்டரி மாற்றுவார்கள், பிறகு ஸ்டார்ட்டர் மாற்றுவார்கள். என் பேட்டரி நன்றாக இருக்கிறது, அளந்து பார்த்தேன். இந்த மாதிரி ஒற்றை சிலிண்டர் எஞ்சினில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டில், கம்ப்ரெஷன் ரிலீஸ் என்று ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. ஸ்டார்ட் செய்யும்போது ஒரு வால்வை நூலளவு தூக்கிப் பிடித்து, அடைபடுகிற காற்றில் கொஞ்சத்தை வெளியே விடும். அதனால்தான் இவ்வளவு சிறிய ஸ்டார்ட்டர் மோட்டாரால் இந்தப் பிஸ்டனைத் தள்ள முடிகிறது. வருடக்கணக்கில் ஓடி வால்வ் கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளுகிற பாகத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி, அகன்றுவிட்டால் அந்த நூலளவு தூக்கலும் போய்விடும். முழு கம்ப்ரெஷனும் ஸ்டார்ட்டர் தலையில் விழும். வால்வ் கவரைக் கழற்றி, ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) விட்டு, எஞ்சின் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு நட்டைத் திருப்பினால் போதும். செலவு ஒரு கேஸ்கெட். பிராண்ட் என்ன என்று கமென்டில் கேட்காதீர்கள், இது வயதான எஞ்சினுக்கு வருகிற பொதுவான கோளாறு.

எஞ்சின் உள்ளே தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க கம்ப்ரெஷன் கேஜை மட்டும் நம்பாதீர்கள். இப்போது சொன்னேனே கம்ப்ரெஷன் ரிலீஸ், அது அந்த அளவைக் குறைத்துக் காட்டிவிடும். லீக் டவுன் டெஸ்ட்தான் சரி. பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றிவிட்டு எங்கே சீறுகிறது என்று காதை வைத்துக் கேட்க வேண்டும். சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வ், கார்புரேட்டரில் கேட்டால் இன்டேக் வால்வ், ஆயில் ஊற்றும் குழாயில் கேட்டால் ரிங் அல்லது ஹெட் கேஸ்கெட். எனக்கு ஆயில் குழாயில் மட்டும் லேசாக வந்தது. இந்த வயதில் அது இருக்கத்தான் செய்யும். எஞ்சின் பாஸ்.

அடுத்தது டெக். அடியில் கை வைப்பதற்கு முன்னால் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள், ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். ஈரப் புல் அடியில் ஒட்டிக் காய்ந்து, மறுபடி ஈரமாகி, இரும்பைத் தின்றுவிடும். கேமராவைக் கீழே கொண்டுபோகிறேன். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்கிறேன், பாருங்கள். புல் வெளியேறும் வாய்ப் பக்கம் பிஸ்கெட் மாதிரி உதிர்கிறது. அங்கே ஒரு தகடு வைத்து வெல்டிங் செய்தால் ஆயிற்று. முக்கியம் இந்த இடம், ஸ்பிண்டில் போல்ட் உட்காருகிற இடம். இது ஓட்டையானால் டெக் முடிந்தது. இங்கே டங் டங் என்று கெட்டியாக இருக்கிறது. இடது ஸ்பிண்டிலைக் கையால் சுற்றினால் கரகரவென்கிறது, பேரிங் போய்விட்டது. அதிர்வு அங்கிருந்துதான்.

இப்போது உண்மையான கேள்வி, பின்னால் இருக்கிற இந்தப் பெட்டி. டிரான்ஸாக்ஸில் என்று பெயர், எஞ்சின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோவது இதுதான். பெட்டிக்குள் ஒரு பம்ப் எண்ணெயை அழுத்தித் தள்ள, அந்த அழுத்தத்தில் சக்கரம் சுற்றுகிறது. ஹைட்ரோஸ்டேடிக் என்பார்கள். ஓடி ஓடிச் சூடானால் எண்ணெய் இளகும். உள்ளே தேய்மானம் இருந்தால் அந்த இடைவெளியில் கசியும், அழுத்தம் இறங்கும், மேட்டில் வண்டி நிற்கும். சமதளத்தில் ஒன்றும் தெரியாது. எனவே பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் குளிர்ந்த வண்டியை முன்வாசலில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு மேட்டில் ஏற்றுங்கள். இந்த மாதிரி சிறிய டிராக்டர்களில் வருகிற பெட்டி பெரும்பாலும் சீல் செய்தது, எண்ணெய் மாற்ற வடிகால் துளைகூட இருக்காது. புதிதாக மாற்றினால் பல நூறு டாலர், இந்த வண்டிக்கு அது கட்டுப்படியாகாது.

ஆனால் மேட்டில் திணறினாலே பெட்டி போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. ஓட்டுகிற பெல்ட் வழவழப்பாகித் தேய்ந்திருந்தால் அதுவும் இப்படித்தான் வழுக்கும். இதைப் பாருங்கள், ஓரம் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கிறது. பெட்டிக்கு மேல் இருக்கிற இந்தச் சின்ன விசிறியில் இரண்டு இதழ் உடைந்திருக்கிறது, சூடு ஏறாமல் என்ன செய்யும்.

ஆக என் வரிசை இது. வால்வ் அட்ஜஸ்ட்மென்டை இன்று மாலையே முடித்துவிடுகிறேன், கிட்டத்தட்ட இலவசம். பிறகு பெல்ட், ஸ்பிரிங், விசிறி மூன்றும் 80 டாலருக்குள். அதைப் போட்டுச் சூடேறும் வரை ஓட்டி, பின்பக்க மேட்டில் ஏற்றிப் பார்ப்பேன். ஏறினால்தான் ஸ்பிண்டில், வெல்டிங் எல்லாம். அதற்கு முன்னால் டெக்கில் ஒரு டாலர்கூடப் போட மாட்டேன்.

பேட்டரி மோவர் வாங்கலாமே என்று எழுதுவீர்கள். விலையைப் பார்த்தேன், மூடிவிட்டேன். கலிஃபோர்னியாவில் 2024 மாடலிலிருந்து இந்த அளவு பெட்ரோல் எஞ்சின் வைத்த புது மோவர்களுக்கு விதி மிகவும் கடுமையாகிவிட்டது, அங்கே இருப்பவர்கள் கணக்கு வேறு. அங்கேயும் கையில் இருக்கும் பழையதை ஓட்டத் தடை இல்லை.

ஏறவில்லை என்றால் வண்டியைப் பிரித்து விற்றுவிடுவேன். எஞ்சினுக்கு ஆள் நிச்சயம் கிடைப்பார்கள். ராலே பக்கம் யாருக்காவது 42 அங்குல டெக் சாமான், ஹூட், இந்த சீட் தேவைப்பட்டால் கமென்டில் சொல்லிவையுங்கள், அடுத்த வீடியோ பார்த்துவிட்டுப் பேசலாம்.