ஜெங் ஜியை ஆளாக்கியது சீனக் களமே

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

"சீன நடுக்கள வீரர் ஜெங் ஜியை ஆளாக்கியது ஐரோப்பியக் களமா, சீனக் களமா?" என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் சொன்னதன் சாரம் இது. ஜெங் ஜி இங்கிலாந்தில் சார்ல்ட்டனுக்கும் ஸ்காட்லாந்தில் செல்டிக்குக்கும் ஏறத்தாழ மூன்றரை ஆண்டு ஆடினார். திரும்பி வந்த பிறகு 2013-ல் ஆசியாவின் சிறந்த வீரர் ஆனார். ஆகவே அங்கே விதைத்தது இங்கே விளைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடுவர் அவர்களே, ஒன்றுக்குப் பின் இன்னொன்று நடந்தால் முதலாவதே காரணம் என்று ஆகிவிடுமா?

அவர் விமானம் ஏறிய வயதைப் பாருங்கள். 1980 ஆகஸ்டில் ஷென்யாங் நகரில் பிறந்தவர், சார்ல்ட்டனுக்கு இரவல் வீரராகப் போனது 2006 டிசம்பர் கடைசியில். இருபத்தாறு வயது! கால்பந்தில் அது கற்றுக்கொள்ளப் போகும் வயதல்ல, கற்றதைக் காட்டப் போகும் வயது. அதற்குள் என்னென்ன முடித்திருந்தார்? 2004-ல் சீன சூப்பர் லீக் தொடங்கியபோது 12 அணிகள், 22 சுற்று. முதல் பட்டம் அவர் ஆடிய ஷென்சென் அணிக்கு. சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி நின்ற அணி அது. அதே ஆண்டு பெய்ஜிங்கில் ஆசியக் கோப்பை இறுதி, ஜப்பானிடம் 3-1 தோல்வி; தேசிய அணியில் அவர் இருந்தார். பிறகு ஷான்டாங் லூனெங்குக்கு மாறினார். 2006-ல் அந்த அணி லீக்கையும் கோப்பையையும் சேர்த்தே வென்றது. முன்களத்தில் லி ஜின்யூ 26 கோல் போட, பின்னாலிருந்து ஓடி வந்து இவரும் கோல் குவித்தார். தடுப்பு வரிசையிலும் ஆடுவார், தாக்கும் இடத்திலும் ஆடுவார். ஐரோப்பா கண்டெடுத்தது இந்த முழு ஆளைத்தான்.

சரி, அங்கே என்ன கிடைத்தது? முதல் அரைப் பருவத்தில் இங்கிலாந்தின் உச்ச நிலையான பிரீமியர் லீக்கில் 12 ஆட்டம், நியூகாசிலுக்கு எதிராக ஒரு கோல். சார்ல்ட்டன் அந்த ஆண்டே கீழ்நிலைக்கு இறங்கியது. 2009-ல் இன்னும் ஒரு படி இறங்கி மூன்றாம் நிலைக்குப் போனது. செல்டிக்கில் ஒரே பருவம், லீக்கில் 16 ஆட்டம், அந்தப் பருவத்தில் அணிக்கு எந்தக் கோப்பையும் இல்லை.

ஒன்றை மட்டும் மறுக்க மாட்டேன். 2007-08 பருவத்தில், 46 சுற்று உள்ள இரண்டாம் நிலை லீக்கில், அவர் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்டம் ஆடினார். சும்மா இருந்துவிட்டு வந்தவர் அல்ல. ஆனால் அந்த லீக் நடுக்கள வீரரிடம் என்ன கேட்கிறது? பந்து பின்னாலிருந்து உயரமாக வரும், முன்கள வீரர் தலையால் மோதுவார், அது எங்கே விழும் என்று கணித்து முதலில் போய்ச் சேர வேண்டும். விழுந்த பந்துக்கான போட்டி. நல்ல பயிற்சிதான், உடம்புக்கு. சீனாவுக்குத் திரும்பிய பின் குவாங்சோ அணியில் அவர் செய்த வேலை இதற்கு நேர் எதிரானது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2010-ல் அவர் சேர்ந்தபோது குவாங்சோ இரண்டாம் நிலையில் கிடந்தது. ஆட்ட மோசடி வழக்கில் இறக்கப்பட்ட அணி. எவர்கிராண்ட் நிறுவனம் 10 கோடி யுவானுக்கு வாங்கியிருந்தது. அந்த ஆண்டே மேலே ஏறினார்கள். 2011 முதல் 2017 வரை தொடர்ந்து ஏழு லீக் பட்டம், 2019-ல் எட்டாவது. 2012 மே மாதம் இத்தாலியின் லிப்பி பயிற்சியாளராக வந்தார். முன்னால் கொங்கா, முரிகி, பிறகு எல்கெசன் என்று தென் அமெரிக்கர்கள். பக்கவாட்டில் ஜாங் லின்பெங் போன்றவர்கள் நடுக்கோட்டைத் தாண்டி ஏறுவார்கள். இத்தனை பேர் ஏறினால் பின்னால் காலியாகும் இடத்துக்கு யார் காவல்? ஜெங் ஜிதான்.

அந்த வேலை எப்படிப்பட்டது? மைய தடுப்பாளர்கள் இருவருக்கும் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் நிற்க வேண்டும். பந்து வருவதற்கு முன்பே இரண்டு முறை கழுத்தைத் திருப்பிப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும். உடம்பைப் பாதி திருப்பி வைத்து, பந்தைத் தூரத்துக் காலில் வாங்கினால் ஒரே தொடுதலில் மறுபக்கம் அனுப்பலாம். நேராக நின்று பக்கத்துக் காலில் வாங்கினால் வந்த வழியே திருப்பித் தரத்தான் முடியும், எதிராளி அதற்குள் மேலே விழுந்துவிடுவார். பந்து எதிரணியிடம் போனால் அதைத் துரத்தக் கூடாது. எதிரணியின் ஆட்டத்தை ஆக்குபவருக்குப் பாஸ் போகும் பாதையில் நின்று மறைக்க வேண்டும். நடுக்களத்தில் இருவருமே பந்தைத் துரத்திப் போனால் தடுப்பாளர்களுக்கு முன்னால் வெட்டவெளி. நிறைய கோல்கள் விழுவது அந்த வெளியில்தான். தவறிழைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்றாலும் கோலிலிருந்து 40 மீட்டரில் இழைக்க வேண்டும். 25 மீட்டரில் இழைத்தால் ஃப்ரீ கிக் நேராகக் கோலைப் பார்க்கும்.

நடுவர் அவர்களே, இதில் வேகம் எங்கே வருகிறது? கணக்கு வருகிறது. முப்பத்து மூன்று வயதுக் கால்கள் இதைச் செய்ய முடிந்தது அதனால்தான். இந்தக் கணக்கு வருவதற்கு ஒரே வழி, அதே கூட்டாளிகளோடு வாரம் தவறாமல் தொண்ணூறு நிமிடம் ஆடுவது. சூப்பர் லீக்கில் அப்போது 16 அணி, 30 சுற்று. 2013-ல் ஆசியக் கிளப் அணிகளுக்கான ஆசிய சாம்பியன்ஸ் லீக்கை வெல்லக் குவாங்சோ ஆடியது குழுச் சுற்று தொடங்கி இன்னும் 14 ஆட்டம். அரையிறுதியில் ஜப்பானின் காஷிவா ரெய்சோலை 4-1, 4-0. இறுதியில் தென் கொரியாவின் எஃப்சி சியோலோடு சியோலில் 2-2, சொந்த ஊரில் 1-1; மொத்தம் சமமானதால், வெளியூரில் அதிகக் கோல் போட்டவருக்கே வெற்றி என்ற கணக்கில் கோப்பை. 2015-ல் மறுபடியும் அதே கோப்பை. அந்த ஆண்டும் ஆசியாவின் சிறந்த வீரர் விருதுக்கு இறுதி மூவரில் ஒருவராக நின்றார், முப்பத்தைந்து வயதில்.

அந்த விருது ஆசியாவுக்குள் ஆடுவோருக்குத்தானே, வெளியே ஆடுவோருக்குத் தனி விருது உண்டே என்று எதிரணியில் எழக்கூடும். உண்மைதான், 2012-லிருந்து அப்படித்தான். ஆசியக் களத்தில் சிறந்தவர் என்று அவரை எழுதி வைத்தது எங்கள் வாதத்துக்குத்தான் துணை.

இன்னொரு கேள்வி. ஓர வீரர்களைவிட நடுக்கள வீரர்களுக்கு வெளிநாடு ஏன் கடினமாகிறது? ஓரத்தில் ஆடுபவருக்கு ஒரு பக்கம் கோடு காவல். நடுவில் நிற்பவருக்கு நான்கு திசையிலும் ஆள். "பின்னால் ஆள்", "திரும்பு", "விடு" என்ற கூட்டாளியின் குரல்தான் அவருக்கு மூன்றாவது கண். அந்தக் குரல் தெரியாத மொழியில் வந்தால் அரை நொடி தாமதம், பந்து போச்சு. பயிற்சியாளர் பெஞ்சில் உட்காரவைப்பார். கடைசி இருபது நிமிடம் இறக்கினால், அதற்குள் ஆட்டம் சிதறியிருக்கும். ஓடலாம், ஆட்டத்தின் போக்கைப் பிடிக்கப் பழக முடியாது. பெய்ஜிங் குவோஆனின் ஜாங் ஷிஜே 2015 ஜனவரியில் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க்குக்குப் போனார். ஒரு போட்டி ஆட்டத்தில்கூட இறங்காமல் அதே ஆண்டு கோடையில் திரும்பினார். நல்ல பாஸ் உள்ள வீரருக்கு வீணான அரை ஆண்டு. நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. இன்னொரு சீன நடுக்கள வீரர் ஷாவ் ஜியாயி ஜெர்மனியில் எட்டு ஆண்டுக்கு மேல் நிலைத்தாரே என்பீர்கள். நிலைத்தார், பாராட்டுகிறேன். அவர் நிலைத்ததும் 1860 மியூனிக், கோட்பஸ் போன்ற அணிகளில் இறங்கி ஆடக் கிடைத்ததால்தான்.

பணம் கொட்டி வாங்கிய வெளிநாட்டவர் சீன நடுக்கள வீரர்களின் இடத்தைப் பறித்தார்களே என்றும் கேட்கலாம். குவாங்சோவில் நடந்தது வேறு. 2015-ல் வந்த பிரேசிலின் பவுலினியோ முன்னால் பாய, காவல் இடத்தில் ஜெங் ஜி நின்றார். அந்தப் பவுலினியோவை 2017-ல் பார்சிலோனா 4 கோடி யூரோ கொடுத்து வாங்கியது. அவருக்குப் பக்கத்தில் நின்று ஆடுவதற்கு விமானம் ஏறவே வேண்டியதில்லை!

எதிரணியின் கூர்மையான அம்பு ஒன்று பாக்கி. சீனக் களம்தான் ஆளாக்கியது என்றால் அவருக்கு வாரிசு எங்கே? 2017-ல் சூப்பர் லீக்கில் ஒரு விதி வந்தது: தொடக்கப் பதினொருவரில் 23 வயதுக்கு உட்பட்ட ஒருவராவது இருக்க வேண்டும். பல பயிற்சியாளர்கள் என்ன செய்தார்கள்? பையனை இறக்கி, அரைமணி ஆகும் முன்பே வெளியே அழைத்தார்கள். விதியும் நிறைவேறியது, பையனும் ஆடவில்லை. ஜெங் ஜிக்கு ஷென்சென்னில் கிடைத்த முழு ஆட்டம் அந்தப் பையன்களுக்குக் கிடைக்கவில்லை. களம் கெட்டபோது ஆள் வரவில்லை என்பதும், களம்தான் ஆளை உண்டாக்குகிறது என்ற எங்கள் கட்சிக்கே சாட்சி.

2019 ஜனவரி, அமீரகத்தில் ஆசியக் கோப்பை. செல்டிக்கை விட்டு வந்த ஒன்பதாம் ஆண்டு. ஈரானிடம் காலிறுதியில் தோற்றுத் திரும்பிய சீன அணிக்கு அப்போதும் தலைவர், முப்பத்தெட்டு வயது ஜெங் ஜி.

நன்றி, வணக்கம்.