காலேஜ் போற வீரர்களுக்கு ஸ்கூல் கோச் என்ன சொல்லிக்குடுக்கணும்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

டாலஸ் பக்கத்துலேருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். பகல்ல ஐ.டி. வேலை, சாயங்காலம் ஹைஸ்கூல் கிராஸ் கன்ட்ரி (மேடு பள்ளத்துல ஓடற நெடுந்தூர ஓட்டம்) டீமுக்கு உதவி கோச். “அண்ணா, பிள்ளைங்களை வேகமா ஓட வைக்கத் தெரியுது. காலேஜுக்குத் தயார் பண்ண வேற என்ன செய்யணும்?” படிச்சதுலேருந்து எனக்கு ஒரே சந்தோஷம். பெத்தவங்க எல்லாரும் ஸ்காலர்ஷிப்பைத்தான் கேப்பாங்க. ஒரு கோச் இதைக் கேக்கறது அபூர்வம்.

படிப்புக் கணக்கைச் சட்டுன்னு சொல்லிடறேன், டிரான்ஸ்கிரிப்ட் (மார்க் பட்டியல்) வீடியோவுல விலாவாரியா பேசியாச்சு. டிவிஷன் 1ல (அமெரிக்கக் காலேஜ் விளையாட்டோட மூணு பிரிவுல மேல் பிரிவு) ஓடணும்னா ஹைஸ்கூல்ல 16 கோர் கோர்ஸ் (முக்கியப் பாடங்கள்), அதுல குறைஞ்சது 2.3 ஜி.பி.ஏ. (4க்கு கிரேடு சராசரி). அந்த 16ல 10, சீனியர் வருஷம் (12ஆவது) தொடங்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும். அந்த 10ல 7 இங்கிலீஷ், கணக்கு, சயின்ஸா இருக்கணும். சீனியர் வருஷம் வந்துட்டா அந்தப் பத்தோட கிரேடைத் திரும்பப் படிச்சு ஏத்த முடியாது. அதனால 9ஆவதுலயே கோச் ஒருதரம் கவுன்சிலரோட உக்காந்து பாத்துடணும். 12ஆவதுல பாத்து ஒண்ணும் பிரயோஜனமில்லை.

இப்ப நான் எப்பவும் சொல்றது. பேச வேண்டியது பிள்ளை. அப்பா இல்லை, கோச்சும் இல்லை.

எங்க டீம்ல ஒரு பொண்ணு, 11ஆவது. காலேஜ் கோச்சுக்கு அனுப்ப ஒரு மெயில் கொண்டு வந்து காட்டினா. அப்பா எழுதினது, படிச்ச உடனே தெரியுது. ஒழுக்கம், கடின உழைப்புன்னு ரெண்டு பத்தி. எத்தனை நிமிஷத்துல ஓடுவாங்கறது அடியில எங்கேயோ இருக்கு. எல்லாத்தையும் அழிக்கச் சொன்னேன். முதல் வரியில எந்த வருஷம் ஸ்கூல் முடிக்கறே, 1600 மீட்டர் டைம், ஜி.பி.ஏ. அவ்வளவுதான். “உனக்கு நிஜமாவே தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு கேளு”ன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சு எழுதினா: “பயாலஜி லேப் மத்தியானம் இருந்தா உங்க பிள்ளைங்க பயிற்சிக்கு எப்படி வர்றாங்க?” அந்த ஒரு கேள்விக்குத்தான் நீளமா பதில் வந்துச்சு.

இதுல ஒரு விஷயம் பிள்ளைங்களுக்கு முன்கூட்டியே சொல்லணும். பெரும்பாலான விளையாட்டுல, 10ஆவது முடிஞ்சு வர்ற ஜூன் 15 வரைக்கும் டிவிஷன் 1 கோச் ஆள் எடுக்கறது சம்பந்தமா பதில் போடக் கூடாது. அது விதி. இது தெரியாம, பதில் வரலையேன்னு 9ஆவது படிக்கற பிள்ளை மனசு உடைஞ்சு போகுது.

காலேஜ் போனப்புறமும் இதே கதைதான். சீசன்ல வாரத்துக்கு 20 மணி நேரம்னு வரம்பு உண்டு. ஆனா போட்டி நாள் எவ்வளவு நேரம் இழுத்தாலும் 3 மணி நேரம்னுதான் கணக்கு, பஸ்ல போற நேரம் கணக்குலயே வராது. வெள்ளிக்கிழமை பரீட்சைன்னா புரொபசர்கிட்ட பேசி மாத்தி வாங்கறது பிள்ளையோட வேலை. அதை இப்பவே பழக்குங்க தம்பி. வெளியூர் போட்டிக்காக கிளாஸ் போகுதா, நீங்க டீச்சருக்கு மெயில் போடாதீங்க. முந்தின நாளே பிள்ளை நேர்ல போய்ச் சொல்லட்டும். கெண்டைக்கால் வலிக்குதா, அதையும் அம்மா போன் பண்ணிச் சொல்லக் கூடாது. வலியை மறைக்கற பிள்ளை காலேஜ்ல ரொம்பக் கஷ்டப்படும்.

தம்பி கேக்காத ஒண்ணும் சொல்லணும். ஹைஸ்கூல்ல ஆடறவங்கள்ல 100க்கு ஏறக்குறைய 7 பேர்தான் காலேஜ் டீம்ல ஆடறாங்க, டிவிஷன் 1ல 2 பேர் போல. டிவிஷன் 3ல விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. கிடையாதுன்னதும் நம்ம ஆளுங்க முகம் சுருங்கிடும். எம்.ஐ.டி. டிவிஷன் 3தான், சிகாகோ யுனிவர்சிட்டியும் டிவிஷன் 3தான்! ஐவி லீக் (ஹார்வர்ட், யேல் மாதிரி எட்டு யுனிவர்சிட்டி) டிவிஷன் 1, அங்கயும் விளையாட்டுக்குன்னு பணம் தர மாட்டாங்க. தேவையைப் பாத்துத் தர்ற உதவி இருக்கு, அது வேற வீடியோ.

அதனால உங்க ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் கேளுங்க: நாளைக்கே காலு உடைஞ்சு ஓட முடியாமப் போச்சுன்னா, அப்பவும் இந்தக் காலேஜ்ல இருப்பியா? அப்பா பக்கத்துல இருந்தா கொஞ்சம் வெளிய நிக்கச் சொல்லிட்டுக் கேளுங்க.