துவைக்கிற பந்தா, பூந்திக்கொட்டையா? சோப்புத்தூளுக்கு மாற்று எது உண்மையிலேயே வேலை செய்யும்

[திரையில்: மேஜை மேல் ஒரு நீலப் பிளாஸ்டிக் பந்து, வலைப்பையில் மக்னீசியக் குண்டுகள், ஒரு கிண்ணம் பூந்திக்கொட்டை]

"சோப்புத்தூளே வேண்டாம், திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், ஆற்றுக்கும் கேடு இல்லை." இந்த மூணுமே இப்படிச் சொல்லித்தான் விற்பனைக்கு வருது. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: ஒவ்வொரு தடவையும் இதிலிருந்து தண்ணிக்குள்ள என்ன போகுது?

எண்ணெய்ப் பிசுக்கு வெறும் தண்ணியில கரையாது. ஒரு முனையில எண்ணெயையும் மறுமுனையில தண்ணியையும் பிடிச்சுக்கிற மூலக்கூறு வேணும். அது அழுக்கைக் கூட்டிக்கிட்டு வடிகாலுக்குப் போயிடும், திரும்பி வராது. அதனால துவைக்கிற பொருள் தேய்ஞ்சே ஆகணும். ஆயிரம் தடவை போட்டும் தேயாத பொருள்னா, அழுக்கை எடுத்தது அது இல்லை, தண்ணிதான்.

[திரையில்: பந்தைத் திறந்து செராமிக் மணிகளைக் கொட்டுதல்]

முதல்ல பந்து. உள்ளே செராமிக் மணிகள். "அகச்சிவப்புக் கதிர் வரும், நீர் மூலக்கூறுக் கூட்டத்தை உடைக்கும்"னு பெட்டியில எழுதியிருக்கும். அமெரிக்காவுல பொய் விளம்பரங்களைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் இப்படிப்பட்ட பந்து விளம்பரங்கள் மேல 1990களின் கடைசியிலேயே நடவடிக்கை எடுத்துச்சு. சில முட்டை வடிவப் பொருட்கள்ல மட்டும் ரீஃபில் மணிகள் தனியா வரும். அந்த மணிகள்ல மெதுவாக் கரையுற டிடர்ஜென்ட் இருக்கும். அது ஏமாத்து இல்லை, ஆனா மாற்றும் இல்லை.

"எங்க வீட்டுல பந்து போட்டே துணி நல்லா வந்துச்சே?"ன்னு கேட்பீங்க. வரும். வியர்வை உப்பு, தூசி, சர்க்கரை எல்லாம் வெறும் தண்ணியிலேயே போயிடும். பழைய சோப்புத்தூள் நூல்ல கொஞ்சம் தங்கியிருக்கும், முதல் சில தடவை அதுவே நுரை தரும். வெள்ளையைப் பளிச்னு காட்டுற ஒளிர்சாயமும் சட்டுன்னு போகாது. கொஞ்ச வாரம் போனா சட்டைக் காலர், தலையணை உறை, துண்டு மூணும் காட்டிக் கொடுக்கும்: காஞ்ச பிறகும் ஒரு சிக்கு வாடை. அது உடம்பு எண்ணெய், நூலுக்குள்ள சேர்ந்து கெட்டுப்போய் வர்ற வாடை.

மக்னீசியம் கொஞ்சம் நேர்மையான சரக்கு. தண்ணியோட மெதுவா வினைபுரிஞ்சு மக்னீசியம் ஹைட்ராக்சைடு ஆகும், தண்ணி லேசாக் காரமாகும், பிசுக்கு கொஞ்சம் இளகும். ஆனா அந்த ஹைட்ராக்சைடு ரொம்பக் கொஞ்சமாத்தான் கரையும். கையளவு சலவைச் சோடா தர்ற காரத்துக்கு இது கிட்டவே வராது. குண்டு மேல வெள்ளைப் படலம் படிஞ்சா அதுவும் நிக்கும். அப்போ ஒரு மணி நேரம் வினிகர்ல ஊறவெச்சுக் கழுவணும். உப்புத்தண்ணி போர்வெல் இருக்கிற வீட்டுக்கு, ஏற்கெனவே கடினமான தண்ணியில இன்னும் மக்னீசியம் சேர்க்கிறதுல என்ன லாபம்?

[திரையில்: பூந்திக்கொட்டையை உடைத்து கறுப்பு விதையை எடுத்தல்]

இப்போ பூந்திக்கொட்டை. நாட்டு மருந்துக் கடையில கிடைக்கும். சில ஊர்ல பூவந்திக்கொட்டைன்னு கேட்கணும். நம்ம பக்கம் வளர்ற மரம் சபிண்டஸ் எமார்ஜினேட்டஸ். வடக்கே இமயமலை அடிவாரத்துல வர்ற ரீட்டா வேற இனம், சபிண்டஸ் முகுரோசி. ரெண்டுலயும் வேலை செய்யறது தோல்ல இருக்கிற சபோனின், முதல்ல சொன்ன மாதிரி எண்ணெயையும் தண்ணியையும் பிடிச்சுக்கிற, நுரை தர்ற பொருள். உள்ளே இருக்கிற கறுப்பு விதையால துவைக்க ஒண்ணும் பயன் இல்லை. விதையோட வாங்கினா எடையில பாதிக்குக் கிட்ட விதைக்கே போயிடும், விலை பேசும்போது ஞாபகம் வெச்சுக்குங்க.

பையில போட்டு மறுபடி பயன்படுத்துற முறை: 5 கிலோ துணிக்கு 20 கிராம் தோலைச் சின்ன பருத்திப் பையில இறுக்கிக் கட்டுங்க. குளிர்ந்த தண்ணியில சபோனின் சீக்கிரம் இறங்காது. அதனால பையை ஒரு டம்ளர் சுடுதண்ணியில பத்து நிமிஷம் ஊறவெச்சு, பையையும் அந்தத் தண்ணியையும் சேர்த்து மெஷின்ல போடுங்க. சாதாரணத் தண்ணியில மூணு நாலு தடவை வரும். 60 டிகிரியில ஓட்டினா ரெண்டாவது தடவையே தீர்ந்துடும்.

தீர்ந்துடுச்சான்னு பார்க்க, ஈரப் பையைக் கசக்குங்க. விரல்ல வழுக்கணும், கொஞ்சம் நுரை வரணும். தோல் வெளுத்துக் காகிதம் மாதிரி ஆகியிருந்தா மாத்திடுங்க. ஒரு தடவைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல பையை வெயில்ல காயவைக்கணும். ஈரத்தோட டப்பாவுல மூடி வெச்சா பூஞ்சை பிடிக்கும். இன்னொரு குறை: கடைசி அலசல்லயும் பை உள்ளேயே கிடந்து சாறு விடும், அது கொஞ்சம் துணியில தங்கும். முன்பக்கக் கதவு மெஷின்ல பாதியில திறந்து எடுக்கவும் முடியாது.

இதனாலதான் சாறு எடுக்கிற முறை மேல். 100 கிராம் தோலை ஒன்றரை லிட்டர் தண்ணியில ராத்திரி ஊறப்போடுங்க. காலையில பெரிய பாத்திரத்துல, பாதிக்கு மேல நிரப்பாம, சின்னத் தீயில இருபது நிமிஷம் கொதிக்கவிடுங்க. பொங்கி அடுப்பை அணைச்சிடும், பக்கத்துலயே நில்லுங்க. ஆறினதும் கையால பிசைஞ்சு, மெல்லிய வேட்டித் துணியில வடிகட்டுங்க. காபி வடிகட்டி போதாது, நார் உள்ளே போய் மெஷினோட சோப்பு அறையை அடைச்சிடும். ஏறக்குறைய ஒரு லிட்டர் பழுப்புச் சாறு வரும். 5 கிலோ துணிக்கு 100 மில்லி.

இது கெட்டுப்போகிற சரக்கு. வெளியே வெச்சா ரெண்டாவது நாளே புளிச்ச வாடை வரும். ஃபிரிட்ஜுல ஒரு வாரம். மிச்சத்தை ஐஸ் தட்டுல ஊத்தி உறையவெச்சுக்கலாம்.

[திரையில்: பட்டுப் புடவையை வாளியில் அமுக்கி எடுத்தல்]

இதோட உண்மையான பலம் பட்டும் கம்பளியும்தான். ரெண்டும் புரத இழை, சோப்புத்தூளோட காரம் அதைச் சொரசொரப்பாக்கும். பூந்திக்கொட்டைச் சாறு லேசான அமிலத்தன்மை உள்ளது. 5 லிட்டர் தண்ணியில 50 மில்லி விட்டு, ஐந்து நிமிஷம் அமுக்கி எடுத்து, முறுக்காம அலசி, நிழல்ல போடுங்க. புதுப் புடவைன்னா முந்தானை ஓரத்துல சாயம் போகுதான்னு பார்த்துட்டு இறங்குங்க.

பலவீனம் வெள்ளைப் பருத்தி. எடுத்த அழுக்கைத் தண்ணியிலேயே பிடிச்சு வைக்கிற பொருள் இதுல இல்லை, அழுக்கு மறுபடி படிஞ்சு துணி சாம்பல் நிறமாகும். சாறோட பழுப்பும் சேரும். ரத்தம், பால் கறைக்கான என்சைமும் கிடையாது. கரண்டி எண்ணெய் கொட்டின லுங்கிக்குக் காலரைத் தேய்க்கிற சாதாரண சோப்புக் கட்டியே மேல், கூச்சப்பட வேண்டாம்.

[திரையில்: நான்கு வாளிகள், நான்கு துணித் துண்டுகள்]

யார் சொல்றதையும் நம்பாம வீட்டுலயே பாருங்க. பழைய வெள்ளை வேட்டியை நாலு துண்டாக் கிழிச்சு, ஒவ்வொண்ணுலயும் அரை ஸ்பூன் சாம்பாரும் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெயும் விட்டு ராத்திரி காயவிடுங்க. ஒண்ணை வெறும் தண்ணியில, ஒண்ணைப் பந்தோட, ஒண்ணைப் பூந்திச் சாறுல, ஒண்ணைச் சோப்புத்தூள்ல, தனித்தனி வாளியில, ஒரே நேரம் ஊறவெச்சு ஒரே மாதிரி கசக்குங்க. வெறும் தண்ணித் துண்டை விட்டுட்டா இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. சோப்புத்தூள்ல மஞ்சள் கறை சிவப்பாகும், பயப்படாதீங்க, அது காரம் பட்டதால. நிறத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீங்க, மஞ்சள் எப்படியும் வெயில்ல வெளுத்துடும். காஞ்சதும் எண்ணெய் விட்ட இடத்துல ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. உருண்டு நின்னா எண்ணெய் இன்னும் உள்ளே இருக்கு.

ரெண்டு எச்சரிக்கை. "இயற்கை"ன்னு நினைச்சு சாறைக் குளத்துலயோ மீன் தொட்டியிலயோ கொட்டாதீங்க. சபோனின் மீனோட செவுளைத் தாக்கும். கண்ணுல பட்டா நல்லா எரியும், தூளா இடிச்சா மூக்கைக் கட்டிக்குங்க.

சாறு எடுத்த சக்கையை உரக்குழியில போடலாம். மிச்சமிருக்கிற காஞ்ச தோல் மழைக்காலத்துல ஈரம் இழுத்துப் பிசுபிசுன்னு ஒட்டிக்கும். அரை நாள் வெயில் காட்டி, காத்துப் புகாத டப்பாவுல வெச்சா திரும்ப மொறுமொறுன்னு ஆயிடும்.